கேட்காத காது

ஹோட்டலின் தரைக்குக் கீழே சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. மேல் மாடிகளில் யார் தூங்கினார்கள், யார் எதைக் கொட்டினார்கள் என்பதெல்லாம் காலையில் ஒரு துணிக்குன்றாக இங்கே வந்து விழும். அந்தக் குன்றின் முன்னால் நின்று ஒவ்வொரு விரிப்பையும் உதறி, குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கறை உள்ளதை ஒரு தள்ளுவண்டியிலும் இல்லாததை இன்னொன்றிலும் போடுவாள் அவள். வேறு யார் கண்ணிலும் படாத கறை அவள் கண்ணில் படும். அதனால் அங்கே அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

"இதுல என்ன இருக்குன்னு இந்தப் பக்கம் போட்டீங்க? பளிச்சுன்னு இருக்கே" என்றார் மெஷின்காரர்.

"ஓரத்துல பாருங்க. உதட்டுச் சாயம்."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "உங்களை ஒருநாள் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போகணும். நிலாவையே இறக்கி இந்த வண்டியில போட்டுருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பாதி உதட்டால் சிரித்தாள். முன்பொரு முறை அவள் விடுப்பில் இருந்தபோது ஒரு சிவப்புக் காலுறை வெள்ளைத் துணியோடு உள்ளே போய்விட்டது. அன்றைக்கு ஒரு மாடி முழுக்க ரோஜா நிறத் தலையணையில் தூங்கியது. அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதிர்வாதம் செய்வதில்லை. கறையைத் தனியே வை. சந்தேகம் வந்தால் அதையும் தனியே வை. நின்று யோசிக்காதே. வேலை அவளுக்குக் கற்றுத் தந்தது இது. கணவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை வளர்த்ததும் இப்படித்தான்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி பக்கத்துத் தெருவில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் சுண்டெலி. அம்மாவோடு காப்பகத்துக்குப் போய் அம்மாவோடு திரும்புவாள். மருமகள் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

மகள் அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே குடியிருந்தாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுபவர். பாதி நாள் சாலையில். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை தங்கவில்லை. இரண்டு தடவை வந்து வந்து கலைந்துபோயிற்று. இப்போது மூன்றாவது. பூதக்கண்ணாடி வெளியே காட்டிக்கொள்வதில்லை. ஆனால் மாடிப்படியில் மகளின் செருப்புச் சத்தம் கேட்டால் கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் பத்திரமாகக் கீழே வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டு பெண்களும் ஒரே கிளினிக்கில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார்கள். முடிவை வாங்க, வேலை முடிந்து வரும் வழியில் பூதக்கண்ணாடி போனாள். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் எல்லாம் நார்மல்மா. இந்த ஒரு வைரஸ் மட்டும், சைட்டோமெகலோன்னு, மருமகளுக்குப் பாசிட்டிவ். உங்க பொண்ணுக்கு நெகட்டிவ். டாக்டர் வெளியூர் போயிருக்காங்க. வந்ததும் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க."

பின்னால் நாற்காலிகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் அவளுக்குத் தெரிந்த முகங்கள். பூதக்கண்ணாடிக்கு முதுகு சுட்டது.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்றாள்.

பாசிட்டிவ் என்ற வார்த்தையை அவள் முன்பு ஒரே ஒரு தடவைதான் அருகில் கேட்டிருந்தாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்ட ஒரு பெண்ணின் கணவனுக்கு அப்படி வந்ததாக யாரோ சொன்னார்கள். என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்தப் பெண் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஒருநாள் அவள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களில் பூதக்கண்ணாடியும் ஒருத்தி. அந்த வார்த்தைக்கு அவளிடம் அந்த ஒரு அர்த்தம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் தரையில் உட்கார்ந்து, மடியில் இருந்த சுண்டெலிக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பாதி மென்றதை எடுத்து அம்மாவின் வாயில் திணித்தது. அம்மாவும் கண்ணை உருட்டி "ஆகா" என்று தின்றாள்.

"முதல்ல பிள்ளையைக் கீழ இறக்கு."

"என்னாச்சு அத்தை?"

"உனக்கு ஏதோ வைரஸ் இருக்காம். பாசிட்டிவாம்."

"எனக்கா? என்ன வைரஸ்?"

"அந்தப் பேரெல்லாம் என் வாயில நுழையல. என் பொண்ணுக்கு இல்ல. உனக்கு இருக்கு. அது மட்டும் நல்லா நுழைஞ்சுது."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டர் இல்ல. இருந்தாலும் அந்தக் கூட்டத்துல நின்னுக்கிட்டு, என் மருமகளுக்கு என்ன வியாதின்னு கேக்கச் சொல்றியா? மானம் கப்பல் ஏறிடும்."

அன்று சாயங்காலமே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு, ஒரு சோப்பு மருமகளுக்கென்று ஒதுங்கின. காப்பக வேலை நின்றது. வாசல் பக்கத்து அறையில் அவள் படுக்கை. சுண்டெலியின் துணிகள் ஒரு பையில் மாடிக்குப் போயின. பிள்ளைக்கு ஒட்டிவிடக்கூடாது அல்லவா. மேல்மாடி அத்தையிடம் இருக்கட்டும் என்றாள் பூதக்கண்ணாடி. அத்தைதான் சுத்தம். அத்தைக்குத்தான் நெகட்டிவ்.

மகன் கிரீஸ் கையோடு வந்து நின்றான். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிய லிஃப்ட்டைத் திறந்து ஆட்களை மீட்பது அவன் தொழில். வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே அவனே சிக்கிக்கொண்டான்.

"கொஞ்ச நாள்தானே. அம்மா சொல்றபடி இருந்துட்டுப் போயேன்" என்றான்.

"கொஞ்ச நாள்னா எத்தனை நாள்? எனக்கு என்ன வியாதின்னே தெரியாம எத்தனை நாள்?"

அவன் கையைக் கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான்.

பூதக்கண்ணாடிக்கு மனசு ஆறவில்லை. சமையலறையில் பாத்திரத்தைக் கழுவி வைத்துக்கொண்டே, சுவரிடம் பேசுவது போல ஆரம்பித்தாள். "பிள்ளைங்களைக் கொண்டுவந்து விடறதுக்கு எத்தனை அப்பன்காரனுங்க வர்றாங்களோ அந்தக் காப்பகத்துக்கு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசறதும், வாசல்வரைக்கும் வந்து டாட்டா காட்டறதும். எங்க இருந்து தொத்துச்சோ யாருக்குத் தெரியும்."

வாசல் அறைக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

சில நாள் கழித்து மருமகளே கிளினிக்குக்குப் போன் செய்தாள். பேசி முடித்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் பல நாளாக இல்லாத தெளிவு இருந்தது.

"அத்தை, டாக்டரம்மா வந்துட்டாங்களாம். நான் நர்ஸ்கிட்டப் பேசினேன். பயப்பட ஒண்ணும் இல்லையாம். அது எனக்கு எப்பவோ, சின்ன வயசுல கூட இருக்கலாம், வந்து போனதாம். பாசிட்டிவ்னா இப்ப நோய் இருக்குன்னு அர்த்தம் இல்லையாம். அதை எதிர்க்கற சக்தி உடம்புல இருக்குன்னு அர்த்தமாம். முக்கால்வாசிப் பொம்பளைங்களுக்கு இருக்குமாம்."

"ஓகோ."

"நெகட்டிவா இருக்கறவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணுமாம் அத்தை. சின்னப் பிள்ளைங்க எச்சில்லயும் மூத்திரத்துலயும் அந்த வைரஸ் இருக்குமாம். அதனால சுண்டெலியை மேல வைக்கறது..."

"நிறுத்து." பூதக்கண்ணாடி கையில் இருந்த துணியை உதறினாள். "நோய் உனக்கு. ஜாக்கிரதை என் பொண்ணுக்கா? நல்லா இருக்கு உன் நியாயம். உன் மேல இருக்கறதை அழிக்க என் பொண்ணு மேல பூசப் பாக்கறியா?"

"நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க அத்தை. நம்பர் தர்றேன். ஒரே ஒரு தடவை கேளுங்க."

"நான் எதையும் கேக்க வேண்டாம். என் கண்ணு பொய் சொல்லாது."

மருமகள் அதோடு விடவில்லை. மாடிப்படி ஏறி நாத்தனாரிடமே சொல்லப் போனாள். பாதிப் படியில் பூதக்கண்ணாடி கையை நீட்டி மறித்துவிட்டாள். பிறகு மகளிடம் தானே போய், "உங்க அண்ணிக்குப் பொறாமைடி. பிள்ளை உன்கிட்ட ஒட்டிக்கிச்சுன்னு பொறுக்கல. என்னமோ கதை கட்டறா" என்றாள்.

"பாவம்மா அண்ணி. டாக்டர்கிட்ட வேணா நானும் ஒரு நடை போய்ட்டு வரட்டுமா?"

"உனக்குத்தான் நெகட்டிவாச்சே. ஒண்ணும் இல்லாததைக் கொண்டுபோய் என்னன்னு காட்டுவே? படியேறி இறங்காம வீட்டுல இரு."

மகள் கொஞ்சம் யோசித்தாள். அதற்குள் சுண்டெலி வந்து மடியில் ஏறிக்கொண்டது. யோசனை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வாரங்களில் மேல்மாடி ஒரே கொண்டாட்டம். பல வருடமாகப் பிள்ளைச் சத்தம் கேட்காத வீடு. சுண்டெலி கடித்து வைத்த ரொட்டியை மகள் தின்றாள். ஒரே ஸ்பூனில் இருவரும் பாயசம் மாதிரி எதையோ கலக்கிக் குடித்தார்கள். ஈரத் துணியை மாற்றிவிட்டு, கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வாயிலேயே முத்தம் கொடுத்தாள். பிள்ளையின் எச்சில் அவள் கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. "எனக்கும் இப்படித்தான் ஒண்ணு வரப்போகுது" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். பூதக்கண்ணாடி வாசலில் நின்று பார்த்துப் பூரித்துப்போனாள். உலகத்தில் எந்தக் கறையும் தப்பாத அந்தக் கண்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தன.

கீழே இறங்கும்போதெல்லாம் சுண்டெலி வாசல் அறைக் கதவைத் தட்டும். "அம்மா, கதவு."

"அம்மாவுக்குக் காய்ச்சல். வா போகலாம்" என்பாள் பூதக்கண்ணாடி.

உள்ளேயிருந்து மருமகள், "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லடா குட்டி" என்பாள். குரலில் அழுகை இருக்காது. அதுதான் பூதக்கண்ணாடிக்கு எரிச்சலாக இருந்தது. தப்பு செய்தவள் அழ வேண்டாமா?

பிறகு ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. கழுத்தில் நெறி கட்டியது, தொண்டை வலித்தது, எழுந்து நடக்க முடியாத அசதி. பிள்ளை சுமக்கிற அசதி என்று முதலில் விட்டார்கள். ஆனால் அது விடாமல் நீடித்தது. பூதக்கண்ணாடி மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போனாள். இந்த முறை கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவர்களைக் கடைசியாகக் கூப்பிட்டார். நாள் முழுக்கப் பேசிப் பேசிக் கரகரத்துப்போன குரல்.

"போன தடவை நெகட்டிவ். இப்பப் பாசிட்டிவ். அதுவும் புதுசா வந்தது" என்றார் மகளிடம். "சைட்டோமெகலோ வைரஸ். நான் ஊர்ல இருந்து வந்ததும் வந்து காட்டச் சொல்லியிருந்தாங்களே. ஏன் வரல?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

பூதக்கண்ணாடி முந்திக்கொண்டாள். "என் மருமககிட்ட இருந்துதான் டாக்டரம்மா. அவளுக்குத்தான் முதல்லயே பாசிட்டிவ். அப்பவே தனியா வெச்சுட்டேன். தட்டு, டம்ளர், எல்லாம் தனி. பிள்ளையைக் கூட அவகிட்ட விடல. அப்படியும் எப்படியோ..."

"பிள்ளையா? என்ன வயசு?"

"ரெண்டு."

"எங்க விட்டிருந்தீங்க?"

"இவகிட்டதான். மாடியில. இவதான் சுத்தமா..."

வார்த்தை அங்கே நின்றுபோயிற்று. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றது. அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சம் திறந்தார்.

"வெளிய உக்காந்திருக்கறவங்களைப் பாருங்கம்மா. எல்லாரும் கர்ப்பிணிங்க. எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுத்தா அனேகமா ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர அத்தனை பேருக்கும் பாசிட்டிவ்னுதான் வரும். உங்க மருமகளுக்கு வந்தது அந்தப் பாசிட்டிவ்தான். சின்ன வயசுலயே வந்து, ஒரு சளிக் காய்ச்சல் மாதிரி, வந்ததே தெரியாமப் போயிருக்கும். ஆனா உடம்பு அதை ஞாபகம் வெச்சிருக்கும். எதிர்த்து நிக்கும். எனக்கும் உண்டு. உங்களுக்கும் அனேகமா இருக்கும்."

"எனக்கா?"

"உங்களுக்குந்தான். ரெண்டு பிள்ளை பெத்திருக்கீங்க, உங்களை யாராவது தனித்தட்டுல சாப்பிட வெச்சாங்களா?"

பூதக்கண்ணாடி மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தொடர்ந்தார்.

"ஏற்கெனவே வந்தவங்களுக்கு அது மறுபடி தலைதூக்கவே தூக்காதுன்னு சொல்லமாட்டேன். ஆனா வயித்துல இருக்கற குழந்தைக்குப் போற வாய்ப்பு ரொம்பக் குறைவு. இதுவரைக்கும் வராதவங்களுக்குக் கர்ப்ப காலத்துல முதல் தடவையா வர்றதுதான் கவலை. நெகட்டிவ்னா சுத்தம்னு அர்த்தம் இல்லம்மா. கவசம் இல்லைன்னு அர்த்தம். காப்பகத்துக்குப் போற சின்னப் பிள்ளைங்க இதை ஒருத்தருக்கொருத்தர் வாங்கிக்கும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மாசக்கணக்குல எச்சில்ல இருக்கும். அந்தப் பிள்ளையை அவ அம்மா பாத்துக்கிட்டிருந்ததுதான் சரி. நீங்க கவசம் இருக்கறவங்ககிட்ட இருந்து எடுத்து, இல்லாதவங்ககிட்டக் குடுத்துட்டீங்க."

மகள் மெதுவாகக் கேட்டாள். "நான் என்ன பண்ணியிருக்கணும் டாக்டர்? பிள்ளையைத் தொடாமலே இருந்திருக்கணுமா?"

"அதெல்லாம் வேண்டாம். கொஞ்சலாம், தூக்கலாம். துணி மாத்தினா, மூக்கு துடைச்சா, சோப்புப் போட்டுக் கை கழுவணும். அது கடிச்சதைத் தின்னக்கூடாது. ஒரே ஸ்பூன் கூடாது. முத்தம் வாயில குடுக்காம நெத்தியில குடுக்கணும். அவ்வளவுதான். வந்திருந்தீங்கன்னா இதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். பூதக்கண்ணாடி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிதாக ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். விலை உயர்ந்த மருந்து, கிடைக்காத ஊசி, அப்படி ஏதாவது. சோப்பு. நாள் முழுக்க அவள் கை நனைகிற சோப்பு.

குழந்தைக்கு என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். போகாமலே இருக்கலாம் என்றார் டாக்டர். மூன்று பேரில் ஒருவருக்குப் போகலாம், போனாலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறப்பார்கள், ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருப்போம், பிறந்ததும் முக்கியமாகக் காதைக் கவனிக்க வேண்டும் என்றார். மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பூதக்கண்ணாடிக்குக் கடைசி வார்த்தை மட்டும் உள்ளே போயிற்று.

வீடு திரும்பியதும் அவள் நேரே வாசல் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாள். மருமகள் திறந்தாள். வயிறு நன்றாக மேலேறியிருந்தது. நிற்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னது சரி" என்றாள் பூதக்கண்ணாடி.

"என்ன அத்தை?"

"அவளுக்கு வந்துடுச்சு. நீ சொன்னியே, அது."

மருமகள் கதவில் சாய்ந்தாள். ஜெயித்த முகம் இல்லை அது. "ஐயோ" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். இந்த முறை யாரும் மறிக்கவில்லை. மேலே நாத்தனாரும் அண்ணியும் கட்டிக்கொண்டு அழுவது கீழே கேட்டது. நடுவில் சுண்டெலி, "அம்மா, தூக்கு. அம்மா, தூக்கு" என்று குதித்துக்கொண்டிருந்தது.

மகன் அன்று வேலையிலிருந்து வந்து விஷயம் கேட்டு, மனைவியின் முன்னால் போய் நின்றான்.

"என்கிட்டயாவது கத்தியிருக்கலாம் நீ" என்றான்.

"நான் கத்தலதான். பேசினேன். நீங்க கை கழுவிக்கிட்டிருந்தீங்க."



பூதக்கண்ணாடி தனித்தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்றவற்றோடு அடுக்கினாள். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மருமகள் எழுந்துபோய் அதே தட்டைத் தேடி எடுத்து வந்தாள்.

"வேற தட்டுல சாப்பிடேன்மா."

"பழகிடுச்சு அத்தை."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பூதக்கண்ணாடி தன் தட்டைப் பாதியில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் மன்னிப்புக் கேட்கவும் முயன்றாள். பிரசவத்துக்கு முன்னால் ஒருநாள் மருமகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "காப்பகத்தைப் பத்தி ஒருநாள் ஒண்ணு சொன்னேன். அதை மறந்துடு" என்றாள். மருமகள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "மறக்கப் பாக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் கிடைத்தது.

மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வீட்டையே அதட்டி அழுகிற, கொழுத்த குழந்தை. டாக்டரம்மா சொன்னதுபோல அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு மகளுக்குப் பெண் பிறந்தாள். சின்ன உடம்பு, நிறைய முடி. லாரிக்காரர் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையில் அவளை வாங்கி, கீழே போட்டுவிடுவோமோ என்று அசையாமல் நின்றார். "சுண்டெலிக்கு ஒரு மூஞ்சூறு வந்தாச்சு" என்று மகன் சொன்னபோது, பல மாதத்துக்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பிறந்த சில நாளில் குழந்தையின் எச்சிலைப் பரிசோதித்தார்கள். வைரஸ் இருந்தது. காதைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

காது பார்க்கும் அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஒட்டியிருந்தது. உள்ளே போனதும் வெளிச் சத்தம் அறுந்துபோனது. குழந்தை தூங்க வேண்டும் என்றார் பரிசோதிப்பவர். மகள் பால் கொடுத்துத் தூங்கவைத்தாள். மருமகள் பக்கத்தில் அவள் தோளைப் பிடித்தபடி நின்றாள். அண்ணி வந்தால்தான் வருவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். பூதக்கண்ணாடி கதவோரம் நின்றாள். குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மெல்லிய கம்பிகளை ஒட்டினார்கள். காதுக்குள் ஒரு சின்னக் குழல். திரையில் கோடுகள் ஓடின. வலது காது முடிந்தது. இடது காதுக்கு மாற்றினார்கள். ஒருதரம் பார்த்தார். குழலை எடுத்துச் சரிசெய்து மறுபடி பார்த்தார். மூன்றாவது தரமும் பார்த்தார். அவர் மூன்றாவது தரம் பார்க்கும்போதே அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"வலது காது நல்லாக் கேக்குது" என்றார். நல்லதை முதலில் சொல்லப் பழகியவர். "இடது காது கேக்கல. ஒரு காது கேட்டாலே பேச்சு வந்துடும், பயப்படாதீங்க. ஆனா அந்த நல்ல காதையும் அடிக்கடி பாத்துக்கிட்டே இருக்கணும். மருந்தைப் பத்தி டாக்டர் பேசுவாங்க."

மகள் அழவில்லை. குழந்தையின் இடது காதில் உதடு படக் குனிந்து ஏதோ சொன்னாள். பிறகு தலையைத் திருப்பி வலது காதில் அதையே மறுபடி சொன்னாள்.

வெளியே நீண்ட கூடத்தில் மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். குழந்தை மருமகளின் மடியில் தூங்கியது.

"அந்தக் காது கேக்காததுக்கு என்னம்மா பாவம் பண்ணிச்சு இது?" என்றாள் மகள்.

"அது ஒரு பாவமும் பண்ணல." பூதக்கண்ணாடியின் குரல் கரடுமுரடாக வந்தது. "கேக்காதது அதோட காது இல்லடி. என் காது. இவ வாய்விட்டுச் சொன்னா. நான் கேக்கல. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கன்னா. அதையும் கேக்கல. எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருந்துது."

யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

மருமகள்தான் பேசினாள். "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

பூதக்கண்ணாடி சட்டென்று திரும்பி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "கேளும்மா. சொல்லு."

"இது சுண்டெலிகிட்ட இருந்து வந்துதுன்னு அவளுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது. விளையாட்டாக் கூட யாரும் சொல்லிடக்கூடாது. என்னை நீங்க சொன்னதையெல்லாம் நான் தாங்கிக்கிட்டேன். இதை அவ தாங்கமாட்டா. அத்தை பொண்ணு காது என்னாலதான் போச்சுன்னு அந்தப் பிள்ளை நினைக்கக்கூடாது."

"அவளால இல்லம்மா. பிள்ளைக்கு முத்தம் குடுக்கத்தான் தெரியும்."

"பெரியவளாகி, அத்தை பொண்ணுக்கு ஏன் இந்தக் காது கேக்கலன்னு உங்ககிட்டக் கேட்டா?"

பூதக்கண்ணாடி தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள்.

"என்னாலன்னு சொல்லுவேன். உன் பாட்டிக்கு ஒரு வார்த்தை புரியல, அதைக் கேக்க வெக்கப்பட்டா, புரியாத வார்த்தையை வெச்சே உங்கம்மாவைத் தள்ளி வெச்சான்னு சொல்லுவேன். ஊர்ல முக்கால்வாசிப் பேர்கிட்ட இருக்கறதை உங்கம்மாகிட்ட மட்டும் குத்தமாப் பாத்தான்னு சொல்லுவேன். வியாதி ஒருத்தரோட நடத்தையைச் சொல்றது இல்லடி, அது யாருக்கும் வரும்னு சொல்லுவேன். நீயாவது ஒரு ஆளை ஒதுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்டப் போய்க் கேளு, அந்த ஆளு என்ன சொல்றான்னும் கேளுன்னு சொல்லுவேன்."